நெறி கட்டிய கால்: கெடா நாட்டு யானைக்கால் நோயும் நிணநீர் அறிவின் வரலாறும்

காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பதைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பாட்டியர் எந்த மருத்துவ நூலையும் பாராமலே அறிந்திருந்தனர். கையில் புண்ணானால் அக்குளில் நெறி கட்டும். தொண்டை புண்ணானால் கழுத்தில் நெறி கட்டும். கெடாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழர் தம் தட்டுமுட்டுச் சாமான்களோடு இச்சொல்லையும் உடன்கொண்டு வந்தனர். நெறி என்பதற்கு வழி என்றொரு பொருளும் தமிழில் உண்டு. இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று துணிந்து கூறவேண்டியதில்லை. ஆயினும் பொருத்தம் கருதத்தக்கது. பாதத்துப் புண்ணுக்கும் தொடை இடுக்கின் வீக்கத்துக்கும் இடையே, தோலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத வழியொன்று இருக்கத்தான் வேண்டும் என்பதை அச்சொல்லே உணர்த்தி நிற்கிறது. அவ்வழியே இன்று பாடநூல்கள் நிணநீர் மண்டலம் என்று குறிப்பது. நிணம் என்பது கொழுப்பையும் ஊனையும் குறிக்கும் பழஞ்சொல். உடலின் ஊனிடையே ஊறி ஓடும் நீருக்கு நிணநீர் என்ற பெயர் நன்கு பொருந்துகிறது.

ஐரோப்பிய மருத்துவர் அவ்வழியைத் தெளிவாகக் கண்டு எழுதியது பதினேழாம் நூற்றாண்டில்தான். பழங்கிரேக்கர் சிலர் வெண்மையான குழல்களைப் பற்றிக் குறிப்பாகச் சொன்னதுண்டு. ஆனால் அக்குறிப்புகள் மறக்கப்பட்டன. 1622ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள், இத்தாலிய உடற்கூற்று அறிஞர் காஸ்பரே அசெல்லி என்பார், உணவுண்டு சற்று நேரமே ஆகியிருந்த நாயொன்றை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் குடலைச் சூழ்ந்த சவ்வில் வெண்ணிறக் கயிறுகள் போன்ற மெல்லிய இழைகள் பரவிக் கிடந்தன. முதலில் அவற்றை நரம்புகள் என்றே கருதினார். ஒன்றைக் கீறியதும் பால்போன்ற நீர் வழிந்தது. அவர் இறந்தபின் 1627இல் அந்நூல் வண்ணப்படங்களோடு வெளிவந்தது. மறு ஆண்டே குருதிச் சுற்றோட்டத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட வில்லியம் ஹார்வி, அசெல்லியின் முடிவை ஏற்கவில்லை. ஒரு பெரும் வழியைக் கண்டவர் அதன் பக்கத்திலேயே ஓடிய சிறு வழியைக் காண மறுத்தார் என்பது அறிவியல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1651இல் பிரெஞ்சு நாட்டு பெக்கே, அவ்வெண்ணீர் கல்லீரலுக்குச் செல்லவில்லை, மார்பினூடே மேலேறிக் கழுத்தடிச் சிரைகளில் கலக்கிறது என்று காட்டினார். அடுத்த இரண்டாண்டுகளில் சுவீடன் நாட்டு இளைஞர் ருட்பெக்கும் டென்மார்க்குப் பேராசிரியர் பார்த்தோலினும், குடலில் மட்டுமன்றி உடல் முழுவதும் இத்தகைய குழல்கள் உண்டென்று நிறுவினர். யார் முதல்வர் என்று இருவருக்கும் நெடும்பூசல் நடந்தது. இக்குழல்களுக்கு இன்றும் மேனாட்டு மொழிகளில் வழங்கும் பெயரை இட்டவர் பார்த்தோலின்.

இவ்வழியின் பணிதான் யாது? குருதி மிக நுண்ணிய தந்துகிகளில் ஓடும்போது அதன் நீர்ப்பகுதியில் ஒரு பங்கு வெளியே கசிந்து தசைகளையும் தோலையும் நனைக்கிறது. அது அங்கேயே தேங்கிவிட்டால் உடல் ஊதிப் பருக்கும். தேங்காதபடி அதனைத் திரட்டிக் கழுத்தடிச் சிரைகளில் மீண்டும் சேர்ப்பது நிணநீர்க் குழல்களின் கடன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் நீர் இவ்வாறு திரும்புகிறது. குருதிக்கு இதயம் என்னும் ஏற்றம் உண்டு. நிணநீருக்கு அத்தகைய தனி உறுப்பு இல்லை. குழல்களின் சுவர்கள் தாமே மெல்லச் சுருங்குவதாலும், நடக்கும்போது தசைகள் அமுக்குவதாலும், மூச்சு இழுக்கும்போது மார்பு விரிவதாலும் அது மேலேறுகிறது. இடையிடையே உள்ள சிறு தடுக்கிதழ்கள் அது கீழே வழிந்துவிடாமல் காக்கின்றன. வழியில் அங்கங்கே அமைந்த கணுக்கள், மனிதவுடலில் சில நூறு உள்ளன, நிணநீரைச் சலித்து அதிலுள்ள கிருமிகளைப் பிடித்து வைக்கின்றன. அப்போரின்போது கணு வீங்குவதைத்தான் நெறி கட்டியது என்று பாட்டியர் கூறினர்.

தோட்டத்து அல்லூர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. மலைச்சரிவிலிருந்து சிற்றல்லூர்கள் நீரைக் கொணர்ந்து பேரல்லூரில் விட, பேரல்லூர் ஆற்றில் விடுகிறது. பேரல்லூரின் வாய் அடைத்துக்கொண்டால் மேலே பெய்த மழையெல்லாம் மரத்தடியில் தேங்கும்.

மனிதன் காலில் அவ்வாறு தேங்கியதன் பெயரே யானைக்கால். இந்நோய்க்கு மக்கள் இட்ட பெயர்களைத் தொகுத்தாலே அது பரவிய நிலப்படம் கிடைத்துவிடும். தமிழர் யானைக்கால் என்றனர்; அரபு மருத்துவரும் யானை நோய் என்றே தம் மொழியில் வழங்கினர். வடமொழியில் சிலீபதம், மலையாளத்தில் மந்து, மலாயில் ஊந்துட். சுசுருத சங்கிதை சிலீபதத்தைக் கூறுமிடத்து, பழைய நீர் தேங்கிக் கிடப்பதும் எப்பருவத்தும் குளிர்ந்திருப்பதுமான நாடுகளில் அது மிகுதியாகத் தோன்றும் என்று குறிப்பது வியப்புக்குரியது. கொசுவையோ புழுவையோ அறியாத காலத்தில் நோயின் இடத்தை மட்டும் அத்துணைச் சரியாகக் கண்டிருக்கின்றனர். அதற்கு நேர்மாறாக, 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், மயிலாப்பூர்ப் பக்கத்து மக்களின் வீங்கிய கால், தோமையரைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்கள் மேல் விழுந்த சாபம் என்னும் கதையை எழுதிவைத்தார். கேரளத்துக் கதையொன்றும் உண்டு. நாராணத்துப் பிராந்தன் என்னும் பித்தர் முன் தேவி தோன்றி வரம் கேட்கச் சொன்னாளாம். அவர் தம் இடக்காலில் உள்ள மந்தை வலக்காலுக்கு மாற்றித் தருமாறு கேட்டாராம். சாபக்கதையைவிட இப்பித்தர் கதையில் நோயாளியின் மனநிலை நன்றாகத் தெரிகிறது. போக்க முடியாதது என்று எண்ணிவிட்ட நோயோடு மக்கள் இப்படித்தான் விளையாடுவர்.

சாபத்திலிருந்து நோயை மீட்டது உருப்பெருக்கி. 1872இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்னும் படைமருத்துவர் மனிதக் குருதியில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோசப் பேங்க்ராஃப்ட் அவற்றின் தாய்ப்புழுவைக் கண்டார். அது நிணநீர்க் குழலுக்குள் குடியிருக்கும் நூல்போன்ற புழு. 1877இல் சீனத்துத் துறைமுகமான அமாயில் பணிபுரிந்த பாட்ரிக் மேன்சன், நுண்புழுக்கள் உள்ள தம் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கச் செய்து, அக்கொசுக்களை அறுத்து, உள்ளே புழு வளர்வதைக் கண்டார். பூச்சி ஒன்று மனித நோயைத் தன்னுள் வளர்க்கும் என்பதற்கு அதுவே முதற்சான்று. மலேரியாவைப் பற்றி ரொனால்டு ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் கண்டறிந்ததற்கு இருபது ஆண்டுகள் முந்தியது. நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒதுங்கி, இரவில் மட்டும் தோலருகே குருதியில் உலவுவதையும் மேன்சனே கண்டார். ஆயினும் கொசு நீரில் விழுந்து சாக, அந்நீரைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்றே அவர் நெடுநாள் கருதியிருந்தார். கொசுவின் ஊசிவாய்க்குள்ளேயே புழு வந்து காத்திருப்பதை 1900இல் ஜார்ஜ் லோ காட்டியபின்புதான் வழி முழுதும் துலங்கியது.

மேன்சன் கண்ட புழு நகரச் சாக்கடைக் கொசுவால் பரவுவது; சென்னையும் கும்பகோணமும் யானைக்காலுக்குப் பேர்போனதற்கு அதுவே காரணம். கெடாவின் மண்ணில் வேரூன்றியது வேறொரு புழு. கெடாவுக்கு எதிர்க்கரையில், சுமத்திராவின் அச்சே பகுதியில் பணியாற்றிய டச்சு மருத்துவர் லிக்டன்ஸ்டைன், அங்குள்ள நோய் பிற இடத்து நோயினின்று வேறுபடுவதை உணர்ந்தார். அவர் அனுப்பிய குருதிப் படலங்களை ஆராய்ந்த ப்ருக் என்பார் 1927இல் அதனைத் தனி இனமென்று கண்டு மலாய் நாட்டின் பெயரையே அதற்கு இட்டார். பின்னர் 1960இல் அவ்வினத்துக்கு ப்ருகியா எனக் கண்டவர் பெயரும் சேர்ந்தது. இரண்டுக்கும் நோயாளியின் உடலிலேயே வேறுபாடு தெரியும். நகரப் புழு தொடைவரை காலை வீங்கச் செய்யும். ஆடவரின் விரைப்பையையும் பற்றும். மலாய்ப் புழுவின் வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே நிற்கும். இதே மலாய்ப் புழு திருவிதாங்கூரின் சேர்த்தலை வட்டத்திலும் இருந்தது, அங்கு எம். ஓ. டி. ஐயங்கார் செய்த விரிவான ஆய்வு 1938இல் வெளிவந்தது. ஆகவே கெடாத் தோட்டங்களில் அடுத்தடுத்த லயங்களில் குடியிருந்த தஞ்சைத் தமிழரும் திருவிதாங்கூர் மலையாளிகளும் தத்தம் ஊரில் யானைக்கால் என்றும் மந்து என்றும் கண்டிருந்தவை, பார்வைக்கு ஒன்றாயினும் புழுவால் வேறானவை.

கெடாவின் நில அமைப்பு இந்நோய்க்கு ஏற்றது. வடக்கே, அலோர் ஸ்டாரைச் சூழ்ந்து, 1885இல் தொடங்கிய வான் முகமது சாமான் கால்வாய் முதலானவற்றால் திருத்தப்பட்ட பரந்த நெல்வயற் சமவெளி. தெற்கே சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் பக்கங்களில் மேடும் பள்ளமுமான நிலம். ஆறுகளின் ஓரமெங்கும் சதுப்புக் காடு. 1909இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய காலமே இரப்பர் விலை ஏறிய காலமும் ஆதலால், தெற்குக் கெடாவின் காடுகள் விரைந்து தோட்டங்களாயின. பினாங்கில் வந்திறங்கிய தமிழ்த் தொழிலாளர் அங்கிருந்து இத்தோட்டங்களுக்குப் பகிர்ந்து அனுப்பப்பட்டனர். துறைமுகத்துத் தனிமைக் கொட்டகைகளின் கவலை அம்மையும் வாந்திபேதியும். இரவில் மட்டும் குருதியில் உலவும் புழு பகலில் சோதிப்பார் கண்ணுக்கு எங்ஙனம் தென்படும்? எனினும் தாயகத்திலிருந்து வந்த நகரப் புழு மலாயாவின் மேற்குக் கரையில் பெரிதாக வேர்பிடிக்கவில்லை. ஊரில் பெற்ற நோயை இங்கே சுமந்தவர்கள் இருந்தனர். அதற்கும் மேலாக, இங்கேயே காத்திருந்த மலாய்ப் புழுவும் இருந்தது.

அப்புழுவைப் பரப்பிய கொசுவின் கதை தனிச்சிறப்புடையது. மலேரியாவை ஒழிக்கத் தோட்டங்கள் அல்லூர் வெட்டின. தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் தெளித்தன. புழுப்பருவக் கொசு மூச்சுவிட நீரின் மேற்பரப்புக்கு வந்தே ஆகவேண்டும். எண்ணெய்ப் படலம் அதனை மூச்சடைத்துக் கொல்லும் என்பது கணக்கு. மான்சோனியா என்னும் கொசுவிடம் இக்கணக்குப் பலிக்கவில்லை. அதன் புழு மேலே வருவதே இல்லை. ஆகாயத்தாமரை போன்ற நீர்த்தாவரங்களின் வேரிலும் சதுப்புக் காட்டு மரவேர்களிலும் தன் மூச்சுக்குழலை ஊன்றி, செடியின் உள்ளே உள்ள காற்றையே உறிஞ்சி வாழ்கிறது. எண்ணெய் தெளித்த ஓடையின் அடியில் அது நலமாகவே வளரும். இதனால்தான் சேர்த்தலையில் குளங்களிலிருந்து ஆகாயத்தாமரையை வாரி எறியும் முறையைக் கையாண்டனர். மலேரியாவை வென்ற தோட்டம் யானைக்காலையும் வென்றதாக எண்ணிவிட முடியாது. இரண்டும் கொசுவால் வருபவை என்ற ஒற்றுமையே பலரை ஏமாற்றியது.

மலாயாவில் இந்நோயைப் பற்றிய முதற்பேராய்வு, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1938இல் வெளியிட்ட பாயின்டன், ஹாட்ஜ்கின் என்போரின் அறிக்கை. அதன் தலைப்பே அது கூட்டாட்சி மலாய் நாடுகளைப் பற்றியது என்று கூறும். கெடா அக்கூட்டில் சேராத நாடு. போருக்குப்பின் 1950களில்தான் வில்சன், எடெசன், வார்ட்டன், டர்னர் முதலியோர் தொடர்ந்து ஆராய்ந்தனர். மலாய்ப் புழுவில் இருவகை உண்டென்பது அப்போது தெளிவாயிற்று. ஒன்று, வடமேற்கின் நெல்வயற் சமவெளிகளுக்கு உரியது. இரவில் மட்டும் குருதியில் உலவுவது. வயலோர அனாபிலஸ் கொசுவும் இதனைப் பரப்பும். இதன் கொசுக்களைப் பற்றி 1962இல் வெளிவந்த கட்டுரையை எழுதிய மூவருள் ரீட், வில்சன் ஆகியோரோடு கணபதிப்பிள்ளை என்னும் பெயரும் இருப்பதைத் தமிழர் குறித்துக்கொள்ளலாம். மற்றொன்று சதுப்புக் காட்டுக்கு உரியது. பகலிலும் ஓரளவு குருதியில் உலவுவது. மனிதரை மட்டுமன்றி இலைதின்னும் குரங்குகளையும் வீட்டுப் பூனையையும் பற்றுவது. மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாத நோய் இது என்னும் கசப்பான உண்மை அப்போது வெளிப்பட்டது.

மருந்தும் அதற்குள் வந்துவிட்டது. அதன் பின்னே ஓர் இந்தியர் இருந்தார். எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். கதராடை அணிந்ததால் வெள்ளைப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப்பட்டத்துக்குப் பதில் குறைந்த பட்டமே பெற்றார் என்பது அவர் வரலாற்றில் பலரும் அறிந்தது. அமெரிக்கா சென்று லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவரானார். போரின்போது பசிபிக் தீவுகளில் ஆயிரக்கணக்கான அமெரிக்கப் படைவீரர்களை யானைக்கால் புழு பற்றவே, அதற்கு மருந்து காணும் வேட்கை பெருகியது. அவர் குழுவினர் 1947இல் டைஎத்தில்கார்பமசீன் என்னும் மருந்தை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அவர் காலமானார். மலேசியாவின் யானைக்கால் தடுப்புத் திட்டம் 1960களில் தொடங்கியபோது கையில் எடுத்த மருந்து அதுவே. உலகச் சுகாதார நிறுவனம் 2000இல் உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபின், அப்பத்தாண்டில் மலேசியாவும் நோயுள்ள முக்கிம்களில் ஆண்டுக்கொரு முறை எல்லார்க்கும் அம்மருந்தை அல்பெண்டசோலோடு சேர்த்து வழங்கியது. இலங்கை 2016இலும், கெடாவின் வட எல்லையில் உள்ள தாய்லாந்து 2017இலும் இந்நோயைப் பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக ஒப்புதல் பெற்றன.

இது புழுவின் வரலாறு, பெருமைக்குரியது. ஆனால் காலின் வரலாறு வேறு. மருந்து நுண்புழுவை ஒழிக்கிறது; நோய் பிறருக்குப் பரவாமல் தடுக்கிறது. பல ஆண்டு புழு குடியிருந்ததால் தளர்ந்து விரிந்த நிணநீர்க் குழலை அது செப்பம் செய்வதில்லை. கொசுக் கணக்கும் குருதிக் கணக்கும் எடுத்த திட்டங்கள் வீங்கிய கால்களின் கணக்கை நெடுநாள் பின்னுக்கே வைத்திருந்தன. தோட்டத்தில் டிரசரிடம் போனால் காய்ச்சலுக்கு மருந்து கிடைத்தது. காலுக்கு என்ன செய்வதென்று அவருக்கும் யாரும் கற்பிக்கவில்லை. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல இடங்களில் டிரசரின் அறையும் மூடப்பட்டது. பெண்டிர் சேலைக் கரையைத் தாழ்த்தி மறைத்தனர். ஆடவர் கைலியை இறக்கிக் கட்டினர். பெண் கேட்டு வருவோர் முதலில் காலைப் பார்ப்பர் என்ற அச்சம் குடும்பங்களில் இருந்தது.

கால் ஏன் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகிறது என்ற வினாவுக்குச் சரியான விடை 1990களில்தான் உறுதியாயிற்று. புழு கதவைத் திறந்துவைக்கிறது; உள்ளே நுழைந்து அழிப்பது சாதாரணக் கிருமி. விரலிடைச் சேற்றுப்புண், நகச்சுற்று, வெடிப்பு ஆகிய சிறு வாயில்கள் வழியே கிருமிகள் புகுகின்றன. நலமான காலில் நிணநீர் அவற்றைக் கணுவுக்கு இழுத்துச் சென்றுவிடும். தேங்கிய காலில் அவை அங்கேயே பெருகும். அப்போது குளிரும் காய்ச்சலும் வந்து, கால் சிவந்து கொதித்து, நெறி கட்டும். சில நாளில் தணியும். ஆனால் ஒவ்வொரு முறையும் தோல் சிறிது தடிக்கும், வீக்கம் சிறிது நிலைக்கும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்னும் பெண் மருத்துவரும், கேரளத்து ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஆர். கே. ஷெணாய் குழுவினரும் இதனைத் தெளிவுபடுத்தினர். ஆலப்புழையில் ஆராயப்பட்டது கெடாவில் உள்ள அதே மலாய்ப் புழுவின் நோய். சோப்பும் நீரும் இட்டு நாள்தோறும் காலைப் பேணுவது காய்ச்சலின் வரவைக் குறைத்தது. புழுக்கொல்லி மருந்து அவ்வகையில் தனிப்பயன் தரவில்லை. உயர்ந்த ஆய்வகங்கள் நூறாண்டு தேடியபின் இறுதியில் வந்து நின்ற இடம் குளியலறை.

கழுவுதலோடு கையின் தொழிலும் சேர்ந்ததே நிணநீர் நீவல். 1892இல் வினிவார்ட்டர் என்னும் அறுவை மருத்துவர், வீங்கிய உறுப்பைத் தூய்மையாக வைத்தல், உயர்த்தி வைத்தல், கட்டுப்போடுதல், மெல்ல நீவுதல் ஆகியவற்றை வகுத்துரைத்தார். அவர்க்குப்பின் அது மறக்கப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்த்ரிடும் 1930களில் பிரெஞ்சு நாட்டுக் கான் நகரில் பணியாற்றியபோது, தீராச் சளியோடு வந்தவர்களின் கழுத்தில் வீங்கிய கணுக்களைக் கண்டு அவற்றை மிக மெதுவாக நீவத் தொடங்கினர். நிணநீர்க் கணுவைத் தொடவே கூடாது என்பது அக்கால மருத்துவர் கொள்கை. 1936இல் பாரிசில் அவர்கள் தம் முறையை வெளியிட்டபோது மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. வோடர் மருத்துவர் அல்லர் என்பதும் அதற்கொரு காரணம். பின்னர் செருமனியில் ஃபோல்டி என்னும் அங்கேரி மருத்துவர், தோல் பேணல், நீவல், கட்டு, உடற்பயிற்சி என்னும் நான்கையும் ஒரு முறையாகப் பிணைத்தபின்பே இது மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை அகற்றியபின் கை வீங்கும் பெண்களுக்கு இன்று உலகெங்கும் தரப்படுவது இம்முறையே. காசர்கோட்டில் நரஹரி என்னும் மருத்துவர் நிறுவிய தோல் மருத்துவக் கழகம், ஆயுர்வேதக் கழுவலையும் யோகப் பயிற்சியையும் இதனோடு இணைத்து யானைக்கால் நோயாளிகளுக்கு அளித்துவருகிறது.

கையால் செய்யும் இத்தொழிலுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. பிசைதல், பிடித்துவிடுதல், உருவுதல், தேய்த்தல், நீவுதல், தடவுதல், வருடுதல் என்று ஒன்றினின்று ஒன்று மென்மையால் வேறுபட்ட சொற்கள் உண்டு. கெடாவில் தமிழர் வீட்டு மருத்துவச்சியும் மலாய்க்காரர் ஊருட் அம்மையாரும் நன்கு செய்தவை முதல் மூன்றும். பிள்ளை பெற்றவளின் இடுப்பு வலிக்கும், சுளுக்கிய தோளுக்கும் அவை பொருந்தும். வீங்கிய காலுக்குப் பொருந்தா. தோலுக்கு அடியிலேயே ஓடும் நிணநீர்க் குழல்கள் மிக மெல்லியவை. கட்டைவிரலை ஊன்றி அழுத்தினால் அவை நசுங்கி மூடிக்கொள்ளும். அழுத்தம் மிகுந்தால் தோல் சிவக்கும். குருதி அங்கே கூடும். கசிவு மேலும் பெருகும். வலித்தால்தான் பயன் என்று நம்பும் மக்களிடம், வலியே தெரியாத நீவலை மருத்துவம் என்று ஏற்கச் செய்வது எளிதன்று. இக்காரணத்தால் நல்லெண்ணத்தோடு செய்த கைவைத்தியமே பல கால்களுக்குத் தீங்காய் முடிந்திருக்கக்கூடும்.

வரிசையும் வழக்கத்துக்கு மாறானது. கால் வீங்கியிருக்கக் கழுத்தடியில் தொடங்குவானேன் என்று கேட்கத் தோன்றும். பேரல்லூரின் வாயைத் திறவாமல் சிற்றல்லூரை வெட்டிவிட்டால் என்னாகும் என்பதைத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர் அறிவர். முதலில் கழுத்தடியில், நிணநீர் சிரையோடு கலக்குமிடத்தில், விரல்களின் தட்டையான பகுதியால் தோலை மட்டும் மெல்ல நகர்த்தி விடுவர். ஆழ்ந்த மூச்சு சில. பின்பு தொடை இடுக்கு. அதன்பின் தொடை, அதன்பின் முழங்காலின் பின்புறம், இறுதியிலேயே கணைக்காலும் பாதமும். நீவும் திசை எப்போதும் மேல்நோக்கியே. எண்ணெய் பெரும்பாலும் வேண்டுவதில்லை. கை வழுக்கினால் தோல் நகராது. முடிந்தவுடன் அதிகம் நீளாத கட்டுத்துணியைப் பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, கீழே இறுக்கமாகவும் மேலே வரவரத் தளர்வாகவும் கட்டுவர். கட்டோடு நடக்கும்போது தசை ஒருபுறமும் துணி ஒருபுறமும் அமுக்க, நிணநீர் ஏறும். வீக்கத்தை வற்றச் செய்வதில் பெரும்பங்கு இக்கட்டுக்கே. நீவல் தனித்து நின்றால் பயன் சிறிது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நகரங்களின் அழகு நிலையங்கள் சில, நலமான உடலின் நச்சையெல்லாம் நிணநீர் நீவலால் வெளியேற்றுவதாக விளம்பரம் செய்கின்றன. அதற்கு ஆதாரம் இல்லை. நலமான உடலில் நிணநீர் யார் தள்ளியும் ஓடவேண்டியதில்லை. எழுந்து நடந்தால் தானே ஓடும்.

செய்யக்கூடாத நேரங்களும் உண்டு. கால் சிவந்து கொதிக்கும்போதும் காய்ச்சல் இருக்கும்போதும் நீவலும் கூடாது, கட்டும் கூடாது. அப்போது காலை உயர்த்தி வைத்து, குளிர்ந்த நீர்த்துணி இட்டு, மருத்துவரிடம் சென்று கிருமிக்கொல்லி பெறவேண்டும். இதயத் தளர்ச்சி உடையவர்க்கு, காலிலிருந்து திரும்பும் நீரின் சுமையை இதயம் தாங்காது. காலின் ஆழ்சிரையில் குருதி உறைந்திருந்தால் நீவுவது உயிருக்கே ஆபத்து. ஒரு காலில் திடீரென்று வலியோடு தோன்றும் வீக்கம் யானைக்கால் அன்று. அதனை அன்றே மருத்துவமனையில் காட்டவேண்டும்.

அன்றாடப் பேணலுக்கு வேண்டுபவை ஒரு வாளி நீர், மணமில்லாத சோப்பு, வெளிறிய நிறத்துத் துணி ஒன்று. துணி வெளிறியதாக இருந்தால் புண்ணின் நீரோ குருதியோ பட்டது உடனே தெரியும். நீர் உடற்சூட்டை மிஞ்சாமல் இருக்கவேண்டும். மரத்த தோல் சுடுநீரை உணராது. விரலிடுக்குகளையும் தோல் மடிப்புகளையும் விரலால் விரித்துக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தவேண்டும். ஈரம் நிற்கும் விரலிடுக்கே கிருமியின் முதல் வாயில். விடியற்காலைப் பனிப்புல்லில் நடந்து பால்வெட்டியவர்களுக்கு அங்கே எப்போதும் சேற்றுப்புண் இருந்தது. படுக்கும்போது கால்மாட்டில் ஒரு தலையணை. உட்காரும்போது எதிரே ஒரு முக்காலி. காற்றுப் புகும் அகன்ற காலணி. குனிய முடியாத முதியவர்க்கு விரலிடுக்கைப் பார்க்க வீட்டில் மற்றொருவர் வேண்டும். முதலில் காலை மறைக்காமல் நீட்டிக் காட்டவும் வேண்டும்.